வாடாத கடலை ரகம் வந்து கால் நூற்றாண்டு ஆச்சு... பெயர் இல்லாத விதை மூட்டையால் காயும் வெள்ளாமை!

தர்மபுரி:-

சாயங்காலம் 5 மணி தாண்டினால் போதும். தர்மபுரி பஸ் நிலையத்தை சுற்றி பஜ்ஜி, போண்டா வாசம் ஆளைத் தூக்கும். ஒரு பக்கம் தள்ளுவண்டியில் சுண்டல். டீக்கடை கண்ணாடி பெட்டிக்குள் மைசூர்பாகு. மளிகைக்கடையில் சட்னிக்கு பொட்டுக்கடலை. இது எல்லாத்துக்கும் தாய் ஒண்ணுதான். கொண்டைக்கடலை.

இந்த கடலைச் செடிக்கு ஒரு பொல்லாத நோய் இருக்கிறது. மருந்து அடித்து நிறுத்த முடியாது. தண்ணீர் விட்டு காப்பாற்ற முடியாது. நோயை தாங்கி நிற்கிற விதை ஒன்றுதான் வழி. அந்த விதையை நம்ம நாட்டு விஞ்ஞானிகள் எப்போதோ கண்டுபிடித்து விட்டார்கள். ஆனால் சின்ன விவசாயி கையில் இருக்கும் சாக்கு மூட்டையில் இருப்பது அந்த விதைதானா என்பதுதான் கேள்வி.

நம்ம மாவட்டத்துக்கு என்ன சம்பந்தம்?

தர்மபுரி ஒண்ணும் கடலை மாவட்டம் கிடையாது. ராகி, சாமை, கொள்ளு, துவரை, நிலக்கடலை, மரவள்ளி, பாலக்கோடு தக்காளி... இதுதான் நம்ம ஊர் வெள்ளாமை. கொண்டைக்கடலை பனியையும் மண் ஈரத்தையும் நம்பி ஐப்பசி, கார்த்திகையில் ஆங்காங்கே போடுகிற பயிர். தமிழ்நாட்டில் உடுமலை, குடிமங்கலம் பக்கத்து கரிசல் காடுகளில்தான் இதை பேர் சொல்லும்படி விதைக்கிறார்கள்.

நாம் தின்கிற கடலை பெரும்பாலும் மத்திய பிரதேசம், மகாராஷ்டிரா, ராஜஸ்தான், கர்நாடகா, ஆந்திராவில் இருந்து லாரி ஏறி வருகிறது. அங்கே வெள்ளாமை படுத்தால் இங்கே பஜ்ஜி விலை எழுந்து நிற்கும். 2024-ம் ஆண்டு மே மாதம் மத்திய அரசு நாட்டுக் கடலைக்கு இறக்குமதி வரியையே எடுத்துவிட்டு ஆஸ்திரேலியாவில் இருந்து வரவழைத்தது ஞாபகம் இருக்கலாம். 2025 ஏப்ரல் 1-ந்தேதி முதல்தான் மறுபடி 10 சதவீத வரி போட்டார்கள். உலகத்தில் விளையும் கொண்டைக்கடலையில் ஏறக்குறைய 70 சதவீதம் இந்தியாவில்தான் விளைகிறது. அப்படிப்பட்ட நாடே வெளியில் கையேந்த வேண்டி வந்தது. அதுக்கு மழை, விலை என்று பல காரணம் உண்டு. வருஷா வருஷம் சத்தமில்லாமல் வெள்ளாமையை தின்னும் வாடல் நோயும் ஒரு காரணம்தான்.

இன்னொரு விஷயம், இது தண்ணீர் அதிகம் கேட்காத பயிர். போர்வெல் ஆயிரம் அடி போயும் காத்து மட்டும் வருகிற நம்ம மாவட்டத்துக்கு இப்படிப்பட்ட பயிர்கள்தான் கை கொடுக்கணும்.

பச்சையாகவே தலை தொங்கும்

எங்கள் சித்தப்பா ஒருவர் சில வருஷத்துக்கு முன்பு அரை ஏக்கரில் கடலை போட்டார். விதைக்கு எங்கே போவது? சந்தையில் சமையலுக்கு விற்கிற கடலையில் 20 கிலோ வாங்கி வந்து விதைத்து விட்டார். நல்லாத்தான் முளைத்தது. 25 நாள் வரை பார்க்க கண்ணுக்கு குளிர்ச்சி. அதுக்கு அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாக செடி தலையை தொங்கப் போட்டது. தண்ணி பத்தலைன்னு தண்ணி கட்டினார். தொங்கினது தொங்கினதுதான். யூரியா தூவினார். பூ எடுக்கிற நேரத்தில் பாதிக்கு மேல் காலி. யாரோ கண்ணு வெச்சுட்டாங்கன்னு சித்தி வரப்பில் பூசணிக்காய் கட்டினார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்போது நானும் அதைத்தான் நம்பினேன்.

கண்ணும் இல்லை, காத்து கருப்பும் இல்லை. அது பியூசேரியம் என்ற பூஞ்சாணம். மண்ணுக்குள் இருந்து வேர் வழியாக உள்ளே நுழையும். செடிக்குள் தண்ணீர் மேலே ஏறுகிற குழாய்களில் குடியேறி அடைத்து விடும். வேரை சுற்றி ஈரம் இருந்தாலும் இலைக்கு ஒரு சொட்டு போகாது. அதனால்தான் செடி மஞ்சள் ஆவதற்கு முன்பே, பச்சையாக இருக்கும்போதே துவண்டு விழுகிறது. வாடின செடியை பிடுங்கி, தண்டின் அடியை கத்தியால் நீளவாக்கில் பிளந்து பார்த்தால் உள்ளே கருப்பாக ஒரு கோடு ஓடும். அதுதான் அடையாளம்.

இளசிலேயே வாடினால் மகசூலில் 77 முதல் 94 சதவீதம் வரை போய்விடும். பிந்தி வாடினால் 24 முதல் 65 சதவீதம் வரை நஷ்டம். நாடு முழுக்க சராசரியாக வருஷத்துக்கு 10 முதல் 15 சதவீத கடலை இந்த நோயால் போகிறது என்று கணக்கு சொல்கிறார்கள். இந்தியாவில் வருஷத்துக்கு 1 கோடி டன்னுக்கு மேல் கடலை விளைகிறது. எத்தனை லட்சம் டன் மண்ணோடு போகிறது என்று நீங்களே கணக்கு போட்டுக் கொள்ளலாம்.

6 வருஷம் காத்திருக்கும் எதிரி

சரி, இந்த வருஷம் போச்சு, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று விட முடியுமா? அங்கேதான் சிக்கல். கடலையே போடாமல் விட்டாலும் இந்த பூஞ்சாணம் மண்ணுக்குள் 6 வருஷத்துக்கு மேல் உயிரோடு கிடக்கும். கெட்டியான தோல் போட்டுக்கொண்டு தூங்கும். மறுபடி கடலை வேர் வாசம் பட்டதும் எழுந்து கொள்ளும்.

இதில் தர்மபுரி விவசாயிகள் கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி. துவரை வேரிலும் இந்த பூஞ்சாணம் தங்கிக்கொள்ளும். ஆனால் துவரையை ஒண்ணும் செய்யாது. செடி நல்லா இருக்கும், உள்ளே மட்டும் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கும். இதை 1982-லேயே ஆய்வு செய்து எழுதி விட்டார்கள். துவரைக்கு அப்புறம் கடலை போட்டால் நோய் போய்விடும் என்று நினைப்பது தப்புக்கணக்கு. ராகி, சோளம் மாதிரி தானியப் பயிரை நடுவில் விட்டால் பூஞ்சாணத்தின் எண்ணிக்கை கொஞ்சம் குறையலாம். அடியோடு போகாது.

துவரைக்கு வாடல் வருகிறதே என்று கேட்கலாம். அது வேறு பியூசேரியம். தக்காளி வாடலுக்கு ஒண்ணு, வாழையின் பனாமா வாடலுக்கு ஒண்ணு என்று இந்த குடும்பத்தில் பங்காளிகள் நிறைய. ஆளுக்கு ஒரு பயிரை பிரித்துக்கொண்டு நாசம் பண்ணுகின்றன.

நோயை வளர்ப்பதற்கென்றே ஒரு வயல்

ஐதராபாத் பக்கத்தில் பட்டான்செரு என்ற ஊர். அங்கே 1972-ம் ஆண்டு தொடங்கிய இக்ரிசாட் என்ற சர்வதேச ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மானாவாரி பயிர்களுக்காகவே உருவானது. அங்கே விஞ்ஞானிகள் செய்த வேலையை கேட்டால் முதலில் சிரிப்பு வரும். எல்லோரும் நோயை விரட்டப் பார்ப்பார்கள். அவர்கள் ஒரு வயலில் வாடிச் செத்த கடலைச் செடிகளை கொண்டு வந்து போட்டு உழுது, நோயை நன்றாக வளர்த்தார்கள். வாடல் முற்றிய வயலாக அதை மாற்றி வைத்தார்கள்.

எதற்கு? எந்த செடி உண்மையிலேயே தாங்குகிறது என்று பார்க்கத்தான். சோதிக்க வேண்டிய ரகங்களுக்கு நடுவே ஜே.ஜி.62 என்ற ரகத்தை சாலாக விதைப்பார்கள். ஒரு காம்பில் 2 காய் காய்க்கும் ரகம் அது. ஆனால் வாடல் வந்தால் முதலில் மண்டையை போடுவதும் அதுதான். ஜே.ஜி.62 மொத்தமாக செத்து, பக்கத்து சால் பச்சையாக நின்றால்தான் 'பாஸ்'. சாவதற்கென்றே வருஷா வருஷம் விதைக்கப்படும் ரகம்... பாவம்தான்.

40 நாடுகளில் இருந்து சேர்த்த 13 ஆயிரத்து 500-க்கும் மேற்பட்ட கடலை வகைகளை இப்படி சோதித்தார்கள். ஐதராபாத் மண்ணில் இருக்கும் பூஞ்சாணத்துக்கு தாக்குப்பிடித்து நின்றவை 160 மட்டும்தான். நூற்றுக்கு ஒண்ணே கால்கூட தேறவில்லை. ஒய்.எல்.நேனே, எம்.பி.ஹவாரே என்ற தாவர நோய் விஞ்ஞானிகளும் அவர்களுடைய குழுவும் பல வருஷம் உழைத்த உழைப்பு இது.

கதவுக்கு பூட்டு, தாழ்ப்பாள்

அந்த 160-க்குள் அப்படி என்ன இருக்கிறது? மரபணு, அதாவது ஜீன். அப்பன் ஆத்தாகிட்ட இருந்து பிள்ளைக்கு மூக்கும் முழியும் வருகிற மாதிரி, விதையில் இருந்து செடிக்கு வருகிற குணம்.

ஐதராபாத் வகை பூஞ்சாணத்தை எதிர்க்க 3 மரபணுக்கள் இருப்பதை 1980-களில் கண்டுபிடித்தார்கள். இதில் ஒண்ணு மட்டும் செடியில் இருந்தால் நோய் வரும், ஆனால் தாமதமாக வரும். ஏதாவது 2 சேர்ந்து இருந்தால் நோய் உள்ளே நுழையவே முடியாது. வீட்டுக்கு வெறும் தாழ்ப்பாள் போட்டால் திருடன் கொஞ்ச நேரம் ஆட்டிப் பார்த்து திறந்து விடுவான். பூட்டும் சேர்த்துப் போட்டால் திரும்பிப் போவான். அந்த மாதிரி.

ஆனால் திருடன் ஒரே ஆள் இல்லை. 1982-ல் நேனேயும் ஹவாரேயும் இந்தியாவில் 4 வகை பூஞ்சாணங்களை பிரித்துக் காட்டினார்கள். ஐதராபாத்தில் ஒண்ணு, கான்பூரில் ஒண்ணு, பஞ்சாப் குர்தாஸ்பூரில் ஒண்ணு, அரியானா ஹிசாரில் ஒண்ணு. உலகம் முழுக்க சேர்த்தால் 8 வகை. ஐதராபாத்தில் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் ரகம் ஹிசாரில் படுத்துவிடலாம். ஒரே மாநிலத்துக்குள்ளேயே ஒன்றுக்கு மேற்பட்ட வகை இருப்பதும் பிந்திய ஆய்வுகளில் தெரிய வந்தது.

நாம் சொல்ல வருவது இதுதான். 'நோய் எதிர்ப்பு ரகம்' என்று யாராவது விதை விற்றால், எந்த நோய்க்கு எதிர்ப்பு, எந்த ஊர் மண்ணில் சோதித்தது என்று கேட்கணும். பதில் இல்லையென்றால் அந்த வார்த்தைக்கு அர்த்தமும் இல்லை.

ஆந்திரா ஜெயித்த கதை

இதெல்லாம் ஆராய்ச்சி வயலில் நடந்தது, விவசாயிக்கு என்ன கிடைத்தது? பக்கத்து ஆந்திராவை பாருங்கள். ஜபல்பூரில் உள்ள ஜவகர்லால் நேரு வேளாண் பல்கலைக்கழகமும் இக்ரிசாட்டும் சேர்ந்து உருவாக்கிய ஜே.ஜி.11 என்ற ரகம் 1999-ல் வெளிவந்தது. குறுகிய காலப் பயிர், பருமனான மணி, வாடலை தாங்கும். கர்னூல், பிரகாசம், அனந்தபூர், கடப்பா மாவட்டங்களில் காட்டுத்தீ மாதிரி பரவியது.

1999-ல் ஒன்றுபட்ட ஆந்திராவில் கொண்டைக்கடலை உற்பத்தி 95 ஆயிரம் டன். 2008-ல் 8 லட்சத்து 84 ஆயிரம் டன். 9 மடங்குக்கு மேல்! எக்டேருக்கு 583 கிலோவாக இருந்த மகசூல் 1,407 கிலோவாக ஏறியது. வெயில் காயும் மாநிலத்தில் கடலை வராது என்று சொன்னவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஒரு ரகத்தால் மட்டும் இது நடக்கவில்லை. விதையை பெருக்கி கிராமம் கிராமமாக கொண்டு சேர்த்தார்கள், சேமித்து வைக்க குளிர்பதன கிடங்கு இருந்தது, மெஷினும் வந்தது. விதை கையில் கிடைத்ததுதான் முதல் படி.

கர்நாடகாவில் இன்னொரு கதை. தார்வார் மாவட்டம் அண்ணிகேரி ஊர் பெயரில் 1978-ல் வந்த 'அண்ணிகேரி-1' ரகத்தை வடகர்நாடக விவசாயிகள் சொந்தப் பிள்ளை மாதிரி 40 வருஷம் வளர்த்தார்கள். ருசி, விலை எல்லாம் சரி. வாடல் வந்தால் மட்டும் தாங்காது. ராய்ச்சூர் வேளாண் பல்கலைக்கழகமும் இக்ரிசாட்டும் சேர்ந்து, வாடலை தாங்கும் டபிள்யூ.ஆர்.315 என்ற கடலையோடு அதை ஒட்டுச் சேர்த்தார்கள். பிறந்த பிள்ளையை மறுபடி மறுபடி தாய் ரகத்தோடேயே சேர்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் இளம் செடியின் இலையை கிள்ளி டி.என்.ஏ. சோதனை செய்து, எதிர்ப்பு மரபணு இருக்கிற செடியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கடைசியில் பழைய அண்ணிகேரியின் குணம் அப்படியே, நோய் தாங்கும் சக்தி மட்டும் புதுசு. 'சூப்பர் அண்ணிகேரி-1' என்று பெயர். 2019-ல் இந்திய வேளாண் ஆராய்ச்சி கழகம் அறிவித்தது. பழைய ரகத்தை விட 7 சதவீதம் கூடுதல் மகசூல்.

மரபணு என்றதும் சிலர் பயப்படுகிறார்கள். பி.டி. கத்தரிக்காயை 2010-ல் மத்திய அரசு நிறுத்தி வைத்ததே, அது மாதிரியா என்று கேட்கிறார்கள். இல்லை. பி.டி. கத்தரியில் மண்ணில் வாழும் பாக்டீரியாவின் ஜீனை எடுத்து செடியில் வைத்தார்கள். இங்கே கடலைக்கும் கடலைக்கும் கல்யாணம், அவ்வளவுதான். நல்ல காளையை தேடிப்பிடித்து மாட்டுக்கு சேர்க்கிற மாதிரி. டி.என்.ஏ. சோதனை பிள்ளையை அடையாளம் பார்க்க மட்டும்.

மூட்டையில் பெயர் எங்கே?

இவ்வளவு இருந்தும் சித்தப்பா மாதிரி ஆட்கள் ஏன் சந்தைக் கடலையை விதைக்கிறார்கள்? படிப்பறிவு இல்லை என்று அதிகாரிகள் சொல்வார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. காசுதான் காரணம்.

ராகி நாற்று விட ஏக்கருக்கு 2 கிலோ விதை போதும். கொண்டைக்கடலைக்கு ஏக்கருக்கு 30 முதல் 36 கிலோ விதை வேண்டும். மானாவாரியில் ஏக்கருக்கு 4, 5 குவிண்டால் எடுத்தாலே நல்ல மகசூல். விளைவதில் பெரிய பங்கு மறுபடி விதைக்கே போகிறது. அவ்வளவு எடைக்கு சான்று விதை வாங்கணும்னா கை கடிக்கும். மண்டிக் கடலை மலிவு, பக்கத்திலேயே கிடைக்கிறது. அதில் எத்தனை ரகம் கலந்திருக்கு, எந்த மாநிலத்து நோய் விதையோடு ஒட்டிக்கொண்டு வருதுன்னு யாருக்கு தெரியும்? இந்த பூஞ்சாணம் விதை மூலமாகவும் பயணம் போகும். லாரியில் வந்த கடலையை விதைப்பது, நோயை காசு கொடுத்து நம்ம காட்டுக்கு கூட்டி வருவதும் ஆகலாம்.

தனியார் விதை கம்பெனிகளுக்கும் இதில் பெரிய ஆர்வம் கிடையாது. கடலை தன் மகரந்தத்தால் தானே காய்க்கும் பயிர். ஒரு தடவை நல்ல விதை வாங்கினால் விவசாயியே 3, 4 வருஷம் எடுத்து வைத்து விதைக்கலாம். வருஷா வருஷம் கடைக்கு வரும் கலப்பின தக்காளி விவசாயியிடம் கிடைக்கிற வியாபாரம் இதில் ஓடாது. அதனால் இந்த வேலையை அரசாங்கம்தான் செய்தாக வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1998-ல் கோ-4 என்ற கடலை ரகத்தை வெளியிட்டது. வட்டார வேளாண்மை விரிவாக்க மையங்களில் மானிய விலையில் விதை கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. ஆனால் கடலை சின்னப் பயிர் என்பதால் கேட்கிற ஆள் குறைவு. கேட்கிற ஆள் குறைவு என்பதால் மூட்டை வருவதும் குறைவு. கோழி முதலா, முட்டை முதலா கதைதான்.

இதை உடைக்க பெரிய பணம் தேவையில்லை. பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. பக்கத்தில் பையூரில் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நோய் கண்ட ஒரு மூலை நிலத்தில் பட்டான்செரு பாணியில் 10 ரகத்தை சால் சாலாக விதைத்து, தை மாதம் விவசாயிகளை கூப்பிட்டு காட்டினால் போதும். எது செத்தது, எது நின்றது என்று கண்ணால் பார்த்தவனுக்கு துண்டு நோட்டீஸ் வேண்டாம். நின்ற ரகத்தை 4 விவசாயிகளிடம் கொடுத்து பெருக்கினால் 2 வருஷத்தில் ஊருக்கே விதை கிடைக்கும். துவரைக்கும் இதையே செய்யலாம். அங்கேயும் மாருதி, ஆஷா என்று வாடல் தாங்கும் ரகங்கள் எப்போதோ வந்து விட்டன.

வாடாத ரகம் என்றால் சாகாத ரகம் இல்லை

இதையும் மறைக்காமல் சொல்லி விடணும். வாடலை தாங்கும் ரகம் போட்டும் செடி காய்ந்தால் விவசாயி 'ஏமாத்திட்டாங்க' என்று கொதிப்பார். உலர் வேர் அழுகல் என்று இன்னொரு நோய் இருக்கிறது. அது வேறு பூஞ்சாணம். வெயில் 30 டிகிரிக்கு மேல் ஏறி, மண்ணில் ஈரம் குறைந்தால் தாக்கும். செடி வைக்கோல் நிறத்தில் காயும், பிடுங்கினால் பக்க வேர்கள் இல்லாமல் ஆணிவேர் மட்டும் வரும், ஒடித்தால் பட்டென்று ஒடியும். வாடலை தடுக்கும் மரபணு இதை தடுக்காது. வெயில் கூடக்கூட இந்த நோய் பெருகுகிறது என்று இக்ரிசாட் விஞ்ஞானிகள் எச்சரித்து வருகிறார்கள். தர்மபுரி வெயிலுக்கு சொல்லவா வேணும்!

அதனால் எதிர்ப்பு ரகம் போட்டாலும் விதை நேர்த்தியை விடக்கூடாது. கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் 10 கிராம் கலந்து விதைக்க வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிறது. இவை உயிருள்ள பொருள். பூஞ்சாண மருந்தோடு சேர்த்துக் கலந்தால் செத்துப் போகும். கோடை உழவும் போடணும்.

விதை வாங்கும்போது மூட்டையில் அட்டை பாருங்கள். சான்று விதைக்கு நீல நிற அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை நிற அட்டை. அதில் ரகத்தின் பெயர், குவியல் எண், காலாவதி தேதி இருக்கும். அட்டையை கிழித்துப் போடாமல் அறுவடை வரை பத்திரமாக வைத்திருங்கள். கடையில் ரகமும் குவியல் எண்ணும் எழுதிய பில் கேளுங்கள். தர மறுத்தால் விதை ஆய்வாளரிடம் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம்.

கொண்டைக்கடலைக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை 2025-26 பருவத்துக்கு குவிண்டாலுக்கு 5,650 ரூபாய். 2026-27 பருவத்துக்கு 5,875 ரூபாய். சித்தப்பாவின் அந்த அரை ஏக்கரில் இப்போது ராகி நிற்கிறது. கடலை போட்டு எத்தனை வருஷம் ஆச்சு என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார். இந்த தடவை சந்தைக்கு போவதற்கு முன்னால் பாப்பாரப்பட்டிக்கு ஒரு நடை போயிட்டு வரேன் என்று சொல்லியிருக்கிறார். விதை இருந்தால் வாங்கி வருவார். இல்லையென்றால் மறுபடி ராகிதான்.